மலை ஏறும் முன் பாட்டை அளந்துகொள்ளுங்கள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் முதல் இசைக் காணொளி எடுப்பவர்களுக்கு

சேலத்தில் சொந்தமாகப் பாட்டுப் போடும் இளைஞர்களில் பலர், பாட்டு கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரவு வீடு திரும்பும்போது அவர்களிடம் ஏரி இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, பாடகர் முதுகைக் காட்டி நடந்துபோகும் காட்சி பதினைந்து இருக்கிறது. இரண்டாம் சரணத்தின் மேல் வைப்பதற்கு மட்டும் ஒன்றும் இருப்பதில்லை. நானும் முதல் முறை அப்படித்தான் திரும்பி வந்தேன். குறும்படத்தில் ஒரு காட்சி சரியாக அமையாவிட்டால் அதை வெட்டிவிட்டுக் கதையைச் சுருக்கிக்கொள்ளலாம். பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. நான்கு நிமிடம் பத்து நொடி என்றால் அத்தனை நொடிக்கும் படம் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் கேமராவைவிடத் தாளும் பென்சிலும்தான் அதிகம் பேசப்படும்.

பாட்டு யாருடையது?

பிரபலமான திரைப்பாடல் ஒன்றை நீங்களே பாடிப் பதிவுசெய்து அதற்குக் காணொளி எடுப்பது எளிய தொடக்கமாகத் தோன்றும். குரல் நம்முடையது என்பதால் மெட்டும் வரிகளும் நம்முடையவை ஆகிவிடுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, முதல் பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் ஆன பாடலை, முன்னறிவிப்பும் உரிமத்தொகையும் கொடுத்து மறுபடி ஒலிப்பதிவு செய்ய வழி தருகிறது. அந்த வழி ஒலிப்பதிவுக்கு மட்டுமே உரியது. படத்தோடு சேர்ப்பதற்கு இசை நிறுவனத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதை வாங்காமல் யூடியூபில் ஏற்றினால், தானியங்கிச் சோதனை மெட்டைக் கண்டுபிடித்துவிடும். வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், காணொளியே முடக்கப்படலாம்.

பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய எழுத்துகளின் உரிமையை அரசு 1949இல் வாங்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியதால் வரிகளை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் நாம் கேட்டுப் பழகிய மெட்டு ஓர் இசையமைப்பாளருடையதாக இருக்கக்கூடும். நாட்டுப்புறப் பாடலுக்கும் இதே கணக்குதான். பாட்டு ஊருக்குப் பொது என்றாலும், ஒருவர் பதிவுசெய்து வெளியிட்ட ஒலிநாடா ஊருக்குப் பொதுவாகிவிடாது.

சொந்தப் பாட்டு என்றால், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், செலவு செய்தவர் ஆகிய நால்வரும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். யாருடைய பெயரில் ஏறும், வருமானம் வந்தால் எப்படிப் பிரியும், குறுங்காணொளிகளாக வெட்டிப் போட யாருக்கு உரிமை என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். நண்பர்களுக்குள் எதற்குத் தாள் என்று கேட்பவர்கள் உண்டு. நண்பர்களுக்குள்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

நொடிக்கணக்குத் தாள்

படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கும் முன் பாட்டின் நீளம் இறுதியாகிவிட வேண்டும். பின்னர் மிக்ஸிங் மாறலாம், புல்லாங்குழலின் ஒலியைக் கூட்டலாம், எதிரொலி சேர்க்கலாம். வேகமும் நீளமும் மட்டும் மாறக் கூடாது. இசையமைப்பாளரிடம் பாட்டின் வேகத்தை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு என்று அவர் சொன்னால், நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.5 நொடி ஆகும்; எட்டு பார் 20 நொடி. இந்த ஒரு கணக்குத் தெரிந்துவிட்டால் முழுப் பாட்டையும் ஒரு தாளில் விரித்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு 100 பார் கொண்ட ஒரு பாட்டை வைத்துக்கொள்வோம். முன்னிசை 8 பார், அதாவது 0:00 முதல் 0:20 வரை. பல்லவி 16 பார், 1:00 வரை. முதல் இடையிசை 8 பார், 1:20 வரை. முதல் சரணம் 24 பார், 2:20 வரை. பல்லவியின் சுருக்கம் 8 பார், 2:40 வரை. இரண்டாம் இடையிசை 12 பார், 3:10 வரை. இரண்டாம் சரணம் 16 பார், 3:50 வரை. கடைசிப் பல்லவி 8 பாரோடு 4:10இல் பாட்டு முடிகிறது. இப்போது தாளின் இடது ஓரத்தில் இந்த நேரங்களை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பாட்டு வரி, இடம், சட்டகத்தில் இருப்பவர், வாயசைப்பா அல்லது கதைக் காட்சியா, என்ன உடை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஏற்காட்டில் எடுப்பவர்கள் இன்னொரு கட்டமும் போட வேண்டும்: அதன் தலைப்பு ‘மூடுபனி வந்தால்’.

எழுதும்போதே ஓட்டைகள் தெரியத் தொடங்கும். நமக்குக் காட்சியாகத் தோன்றியவை பெரும்பாலும் முன்னிசைக்கும் இடையிசைக்கும் உரியவையாக இருக்கும். இந்தப் பாட்டில் அவை மூன்றும் சேர்ந்து 70 நொடிதான். மீதி மூன்று நிமிடத்தையும் பாடுகிற முகம்தான் தாங்க வேண்டும். மூன்று இடங்களில் வரும் பல்லவிக்கு ஒரே மாதிரிப் படம் வைத்தால் பார்ப்பவர் மூன்றாவது முறை கைபேசியைத் தள்ளிவிடுவார். அதற்காக மூன்று இடம் தேட வேண்டியதில்லை. முதல் முறை தூரத்தில் சிறிதாக, இரண்டாம் முறை இடுப்பளவில், கடைசி முறை முகம் மட்டும் என்று நெருங்கிக்கொண்டே போனால், ஒரே பாறையில் மூன்று பல்லவியையும் முடித்துவிடலாம்.

கதையைப் பொறுத்தவரை, மலையையும் ஊரையும் சேர்க்கும் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் உருவாகும் கொலுசு, காப்பித் தோட்டத்தில் நடக்கும் ஒரு பெண்ணின் காலுக்குப் போய்ச் சேர்வது என்றால், பட்டறையில் வளையத்தைப் பற்றவைக்கும் நீலச் சுடர், மெருகேற்றும்போது வெள்ளியில் வரும் பளபளப்பு, சலங்கை மணியைக் கோக்கும் விரல்கள் ஆகியவை தாமாகவே இடையிசைக்குக் கிடைத்துவிடும். கதை சொல்ல வசனம் தேவைப்படாது. காதல், பிரிவு, மழை, ரயில் நான்கையும் நான்கு நிமிடத்தில் அடைக்க முயல்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இடம் பார்ப்பதும் அனுமதி வாங்குவதும்

இடம் பார்க்கப் போகும்போது, படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போக வேண்டும். பகல் 11 மணிக்குப் பார்த்து மயங்கிய இடம் காலை 7 மணிக்கு முழு நிழலில் கிடக்கலாம். பகோடா பாயின்ட் மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் காலை வெளிச்சத்துக்கு ஏற்றது. லேடீஸ் சீட் சேலம் நகரத்தையும் மலைப்பாதையையும் மேலிருந்து பார்க்கும் இடம். பொழுது சாய்ந்து ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கும் அரை மணி நேரம் அங்கே பொன்னான நேரம். கிளியூர் அருவி படத்தில் அழகாக வரும் என்றாலும் இறங்கும் பாதை வழுக்கும், கோடையில் தண்ணீரும் இருக்காது. முதல் காணொளிக்கு அதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏரிக்கரையை விடுமுறை நாளில் நினைக்கவே வேண்டாம். பின்னணியில் போகும் படகுகளில் இருப்பவர்கள் அத்தனை பேரும் உங்கள் கேமராவைப் பார்த்துக் கையசைப்பார்கள்.

மாதமும் முக்கியம். மூடுபனி வேண்டுமென்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை. அதே மாதங்களில்தான் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, சில நாட்களிலேயே உதிர்ந்துவிடும். அந்தப் பூ உங்கள் காணொளியில் வேண்டுமென்றால் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்து காத்திருக்க வேண்டும். பூ உங்கள் கால்ஷீட்டைப் பார்த்துப் பூப்பதில்லை. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலையில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

அனுமதி என்றதும் ஒரே அலுவலகம் என்று எண்ணிவிடாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை, ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம், கோயில் என்றால் பெரும்பாலும் அறநிலையத் துறை, பொதுச் சாலையும் பூங்காவும் என்றால் உள்ளாட்சியும் காவல் நிலையமும், காப்பித் தோட்டம் என்றால் அதன் உரிமையாளர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. சேர்வராயன் கோயில் குகைப்பக்கம் எடுக்க நினைப்பவர்கள், அது மலைவாழ் மக்களின் குலசாமி இருக்கும் இடம் என்பதை மனத்தில் கொண்டு, ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேச வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தோட்ட அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு முறை உரிமையாளர் தொலைபேசியில் தாராளமாகச் சரி என்று சொல்லிவிட்டார். அதிகாலை ஐந்தரைக்கு நாங்கள் போய் நின்றபோது, வாசலில் இருந்த மேற்பார்வையாளருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. உரிமையாளரோ தூக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து பேசுவதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது, மூடுபனியும் கலைந்துவிட்டது. மேற்பார்வையாளர் மேல் ஒரு தவறும் இல்லை. தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனை வண்டி, எந்தப் பகுதி என்று எழுதி உரிமையாளர் கையெழுத்திட்ட தாளின் ஒரு படி அவர் கையில் முதல் நாளே இருந்திருக்க வேண்டும். பழம் பறிக்கும் பெண்கள் சட்டகத்தில் வருவதாக இருந்தால் அவர்களிடமும் கேட்டு, அடையாளம் தெரியும்படி வருபவர்களிடம் கையெழுத்து வாங்கி, அன்றைய கூலி குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரோன் பறக்கவிட ஆசை எல்லோருக்கும் உண்டு. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ளது நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோ டிரோனை வணிகப் பயன்பாட்டுக்குப் பறக்கவிடுபவரிடம் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். முன் அனுமதி கேட்காத பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் பறக்கலாம். விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு கூடும், காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை மறந்துவிட வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள். சிறுவர்களை நடிக்கவைப்பதாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் அவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

பிளேபேக்

இசைக் காணொளியின் உயிர் இதில்தான் இருக்கிறது. புதியவர்கள் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான். களத்தில் பாட்டை ஒலிக்கவிட்டு, பாடகர் அதோடு சேர்ந்து உண்மையாகவே வாய்விட்டுப் பாட, கேமராவும் அந்த ஒலியைப் பதிவுசெய்ய வேண்டும். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பும் வயிறும் அசையாது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொய் தெரிந்துவிடும்.

பாட்டை ஒரே கோப்பாகக் கொண்டுபோகாதீர்கள். முழுப் பாட்டு ஒன்று, பிறகு முன்னிசை, ஒவ்வொரு பல்லவி, ஒவ்வொரு சரணம், இடையிசை என்று தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதிக்கு முந்தைய நான்கு பார் இசையும் இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் தாளத்துக்கு ஏற்ற நான்கு ‘டிக்’ ஒலிகள் இருக்க வேண்டும். அப்போதுதான் பாடகர் மூச்சை இழுத்துக்கொண்டு சரியான இடத்தில் நுழைவார். எல்லாக் கோப்புகளும் ஒரே வேவ் கோப்பிலிருந்து, அதாவது சுருக்கப்படாத அசல் ஒலிக்கோப்பிலிருந்து, வெட்டப்பட்டவையாக இருக்கட்டும். எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்தில் மில்லி நொடிக்கணக்கில் வெற்றிடம் சேர்ந்துவிடும் என்பதால், களத்தில் எம்பி3, எடிட்டிங்கில் வேவ் என்று கலந்தால் உதடு சற்றே விலகி நிற்கும். இவற்றைக் கைபேசியிலேயே இறக்கி வையுங்கள். தோட்டத்துக்குள் போனதும் சிக்னல் போய்விடும். இணையத்தில் இருக்கும் பாட்டு அங்கே உதவாது.

மெதுவாக நகரும் படம் வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு சேர வேண்டும் என்றால், பாட்டை வேகமாக ஓடவிட வேண்டும். நொடிக்கு 25 சட்டகத்தில் (ஒரு நொடிப் படத்தில் இருக்கும் தனிப் படங்களும் சட்டகம்தான்) எடிட் செய்யப்போகிறீர்கள், 50 சட்டகத்தில் எடுக்கிறீர்கள் என்றால் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பாட்டில் 96 தட்டு 192 ஆகிவிடும், 40 நொடிப் பல்லவி 20 நொடியில் ஓடிவிடும். இந்த வேகக் கோப்பை வீட்டிலேயே செய்து, பாடகரிடம் மூன்று நாள் முன்னரே கொடுத்துப் பழகச் சொல்லுங்கள். சொற்கள் நெருக்கமாக வரும் சரணத்துக்கு இதைச் செய்யவே முடியாது, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நீட்டிப் பாடும் வரிக்கும், ஆலாபனைக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஒலிபெருக்கி பாடகருக்கு அருகில், சட்டகத்துக்கு வெளியே இருக்கட்டும். இதில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் விளிம்பில் பாடகரை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி நின்று நீளமான லென்ஸில் எடுத்தோம். எடிட்டிங்கில் ஒலி அலைகளைப் பொருத்திப் பார்த்தால், பாடகர் எல்லாச் சொல்லையும் முந்திக்கொண்டு உச்சரிப்பதுபோல் தெரிந்தது. அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று முடிவுசெய்து அந்த ஷாட்டையே ஒதுக்கிவிட்டோம். சில மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில் பயணிக்கிறது. 70 மீட்டரைக் கடக்க அதற்கு 0.2 நொடி, அதாவது ஐந்து சட்டகம் தேவைப்படுகிறது. கேமரா அந்தப் பாட்டை ஐந்து சட்டகம் தாமதமாகக் கேட்டிருக்கிறது. பாட்டை ஐந்து சட்டகம் முன்னால் நகர்த்தியிருந்தால் மொத்தமும் சரியாகியிருக்கும். பாடகரிடம் அதற்குள் போதுமான அளவு கடிந்துகொண்டிருந்தோம்.

ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் அடியுங்கள். பலகை இல்லாவிட்டால் கைத்தட்டினாலும் சரி. எந்தப் பகுதி, எத்தனையாவது டேக், சாதாரண வேகமா இரட்டை வேகமா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். பாட்டை ஓடவிடுவதற்கென்றே ஒருவரை நியமித்து, அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கேமராவில் வைக்க வேண்டிய எண்கள்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 சட்டகமும் 1/50 ஷட்டரும் (ஒவ்வொரு சட்டகமும் ஒளியை வாங்கும் நேரம், நொடியில்) வைத்துக்கொண்டால், பட்டறையில் எரியும் குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் பெரும்பாலும் துடிக்காது. 50 சட்டகத்துக்கு 1/100. வெயிலில் 1/50 ஷட்டரையும் அகலத் திறந்த 2.8 லென்ஸ் துவாரத்தையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், 100 ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்திறன்) ஆறு படி, படிக்குப் பாதியாக, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்; என்டி64 என்று விற்கும் வடிகட்டி அதைச் செய்யும். வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா செய்யும் நிறத் திருத்தம்) தானியங்கியில் விடாமல் 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் மூடுபனி ஒரு ஷாட்டில் நீலமாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் வரும்.

மூடுபனி நிறத்தைத் தின்றுவிடும். வெள்ளை, சாம்பல், வெளிர்நீல உடைகள் அதற்குள் கரைந்துபோகும். அரக்கு, கடுகு மஞ்சள், மயில்கழுத்து நிறங்கள் நிற்கும். காப்பித் தோட்டத்தில் சிக்கல் வேறு. சில்வர் ஓக் மரங்களின் இலைகளுக்கு இடையே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, அம்மை வடுப்போலத் தெரியும். காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடுங்கள், அல்லது தலைக்கு மேலே ஸ்கிம்மர் துணியை (வெயிலை மென்மையாக்கும் வெள்ளைத் துணி) பிடித்து, எதிரே தெர்மாகோல் பலகையால் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்புங்கள். இரண்டும் வாங்கக் காசில்லாதவர்கள் வெள்ளை வேட்டி ஒன்றை நான்கு மூலையில் பிடித்து வேலையை முடித்திருக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாத வெளிச்சம்.

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். அட்டைகளை அதற்கேற்ப எண்ணிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். உபரி பேட்டரிகளைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஏசி ஓடும் காரில் குளிர்ந்த கேமராவை ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

படப்பிடிப்பு நாள்

இரண்டு நாள் ஒதுக்குங்கள்: மலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. ஒரே நாளில் இரண்டையும் முடிப்பதாகச் சொல்லும் திட்டம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அவற்றில் பின்னால் வரப்போகும் பேருந்துகளையும் கணக்கில் எடுக்காத திட்டம். முதல் நாள் மலை. அங்கே தவறியதில் ஒரு பகுதியை மறுநாள் ஊரில் ஈடுகட்டலாம், மாற்றிச் செய்தால் வழியில்லை.

கிளம்பும்போது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு வரும். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்துதான் 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் வந்தது. நேரக் கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன இடம். அந்த வளைவின் எதிரே வண்டியை ஓரமாக நிறுத்தி, பொருள் பட்டியலை ஒரு முறை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு மறந்துபோன கேபிளுக்காகத் திரும்பி வருவது அரை நாளைத் தின்றுவிடும். ஆடுபவர்களுக்கு மலை ஏறும் முன் இட்லி இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். பதினைந்தாவது வளைவில் காரணம் தெரியும். உணவுப் பொட்டலங்களை வண்டிக்குள்ளேயே பூட்டி வையுங்கள், குரங்குகள் பையைத் திறக்கக் கற்றிருக்கின்றன. தோட்டத்துக்குள் காட்டெருமை கண்ணில் பட்டால் படம் எடுக்க நினைக்காமல் சத்தமின்றிப் பின்வாங்கிவிட வேண்டும். பாட்டையும் உடனே நிறுத்திவிடுங்கள்.

எடுக்கும் வரிசை பாட்டின் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. ஒளியும் இடமும் கேட்கும் வரிசையில் எடுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு அகலமான சட்டகத்தில் அந்தப் பகுதிக்குரிய பாட்டை முழுதாக ஓடவிட்டு எடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் பிறகு மழை வந்தாலும் திரை கருப்பாக நிற்காது. அதன்பின் நெருக்கம், அதன்பின் கை, கால், கொலுசு. நான்கு நிமிடப் பாட்டை ஒரு கோணத்தில் மூன்று முறை ஓட்டினால், இடைப்பட்ட பேச்சு, ஒப்பனை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் போய்விடும். ஒரு நாளில் எட்டு முதல் பத்துக் கோணங்களுக்கு மேல் எழுதி வைப்பது ஆசை மட்டுமே.

மூடுபனியில் எடுக்கத் தொடங்கிய பகுதியை மூடுபனியிலேயே முடியுங்கள். பாதியில் அது கலைந்துவிட்டால், மீதியைத் தொடராமல், தாளில் வெயிலுக்கு என்று எழுதிய பகுதிக்குத் தாவிவிடுங்கள். மறுபடி மூடினால் திரும்பி வரலாம். ‘மூடுபனி வந்தால்’ என்று போட்ட கட்டம் இதற்குத்தான். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஒருவர் சிவப்புப் பேனாவால் தாளில் அந்த நொடிகளை அடித்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு அடிக்கப்படாமல் நிற்கும் நொடிகள் எவை என்று பார்த்து, கடைசி வெளிச்சத்தை அவற்றுக்குக் கொடுங்கள். அழகான சூரிய அஸ்தமனம் அந்த நேரம் உங்களை வேறு பக்கம் இழுக்கும்.

பணத்தில் ஒரே ஒரு அறிவுரை. சாப்பாடு, வண்டி, தங்கல் மூன்றையும் முதலில் எடுத்துவைத்து, பத்தில் ஒரு பங்கை எதற்கும் தொடாமல் வைத்து, மிஞ்சியதில் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் நாள் மாலை ஊரில் பட்டறைக் காட்சி முடிந்ததும் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கக் காசு மிஞ்சியிருந்தால் திட்டம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எடிட்டிங்

அன்றிரவே அட்டைகளை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து, இரண்டையும் வெவ்வேறு ஆட்களின் வீட்டில் வையுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே முதல் காணொளிக்குத் தாராளம். அசல் வேவ் கோப்பைக் கீழே போட்டு, எல்லா டேக்குகளையும் ஒலி அலையை வைத்து அதன்மேல் பொருத்துங்கள். முதலில் வாயசைப்புக் காட்சிகளை மட்டும் கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறை முழுதாகக் கட்டுங்கள். அது தனியாகவே பார்க்கும்படி இருந்தால்தான் கொலுசையும் மலையையும் அதன்மேல் வைக்கலாம். ஒவ்வொரு தட்டிலும் வெட்டினால் சுத்தியல் அடிப்பதுபோல் இருக்கும். சில வெட்டுகளைத் தட்டுக்கு ஓரிரு சட்டகம் முன்னால் வைத்துப் பாருங்கள், பாட்டு தானே படத்தைத் தள்ளிக்கொண்டு போவதை உணர்வீர்கள். படத்தோடு பதிவான களத்து ஒலியை முழுதாக அணைத்துவிட்டீர்களா என்று ஏற்றுமதிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் மெல்லியதாகப் பாட்டு இரண்டாகக் கேட்டால் காரணம் அதுதான்.

முடிந்த காணொளியைப் பெரிய திரையில் பார்த்துப் பூரிக்கும் முன், குறைந்த விலைக் கைபேசி ஒன்றில், வெயிலில் நின்று பாருங்கள். மூடுபனிக் காட்சிகளில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் ஏற்றுமதியின் பிட் அளவைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும், அல்லது அந்தக் காட்சிகளில் மெல்லிய கிரெயினை, அதாவது பழைய படச்சுருளில் தெரியும் மணல் போன்ற புள்ளிகளை, சேர்க்க வேண்டும். பிறகு பட்டறைக்காரருக்கும் தோட்டத்து மேற்பார்வையாளருக்கும் வெளியீட்டுக்கு முந்தைய நாளே ஒரு படி அனுப்பி, பெயர்ப் பட்டியலில் தங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; ஏற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த அதே இணைப்பில் வழியில்லை.